பழைய டிராக்டரை ஏலத்துக்கு விடும் முன்: விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏல யார்டுக்கு வண்டி பார்க்க வருகிறவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். உழுது பார்க்க வழியில்லை, பாரம் இழுத்துப் பார்க்கவும் வழியில்லை. கண்ணால் பார்ப்பார், ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார், ஆர்.சி.யைப் புரட்டுவார். புரியாத ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே போவார். அவர் கழிப்பதற்கு நாம் இடம் கொடுக்காமல் இருப்பதுதான் ஏலத்துக்குத் தயார் செய்வது. வண்டியைப் புதுசு மாதிரி காட்டுவது வேறு வேலை, அது தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய, 35 முதல் 50 ஹெச்.பி. வரையிலான வண்டிகளை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஏலத்துக்கு விடுவதா, கன்சல்டிங்கில் கொடுப்பதா, ஊர்க்காரருக்கே கொடுப்பதா?

வண்டி நன்றாக இருந்து, அது உங்களிடம் எப்படி ஓடியது என்று பக்கத்து ஊருக்கெல்லாம் தெரியும் என்றால் ஊரிலேயே விற்றுவிடுங்கள். "அவரு வண்டியா, சரியா ஆயில் மாத்தியிருப்பாருப்பா" என்ற பேச்சுக்கு ஒரு விலை உண்டு. யார்டில் அந்தப் பேச்சு உங்களோடு வராது, வண்டி மட்டும்தான் போகும்.

கன்சல்டிங்காரர், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி, கையில் பணத்தோடு வருவார். அவருடைய லாபத்தையும், தான் செய்யப்போகும் வேலைக்கான செலவையும் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார். அவசரத்துக்கு அதுதான் சுலபம்.

உள்ளூரில் கிராக்கி இல்லாத வண்டிக்கு ஏலம் பொருந்தும். எச்.எம்.டி. வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வண்டியின் அருமை தெரியும். அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் இல்லாமல் போகலாம், ஏலத்துக்கு நாலு மாவட்டம் தாண்டி வருவார். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊர் வண்டியை விற்க வேண்டியவர்களுக்கும், பங்காளிகளுக்குள் "நீ குறைச்சு வித்துட்டே" என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைப்பவர்களுக்கும் ஏலம் நல்லது. எல்லார் முன்னாலும் கேட்ட விலை என்பதால் பின்னால் பேச்சு எழாது.

பேப்பர்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

எதற்கு அதிக நாள் பிடிக்குமோ அதை. பெரும்பாலும் அது கடன் விவகாரம். எப்போதோ கட்டி முடித்த கடனாக இருக்கும், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். கடன் முடிந்ததற்கு வங்கி கொடுக்கும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), வங்கி கையெழுத்தும் முத்திரையும் வைத்த படிவம் 35-ம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால்தான் அந்தப் பெயர் நீங்கும். கடன் கொடுத்த கிளை வேறொரு கிளையோடு இணைந்திருந்தால் பழைய லெட்ஜரைத் தேடியெடுக்கவே வாரங்கள் ஓடும். டிராக்டர் கடனுக்கு நிலத்தையும் அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால், என்.ஓ.சி. வாங்கப் போகும்போதே அதையும் விடுவித்துப் பத்திரத்தை வாங்கி வாருங்கள். வண்டியை விற்றபின் அந்த வேலைக்கு யாரும் மறுபடி படியேறுவதில்லை.

அடுத்தது சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தேய்த்த தடம் இருந்தால் திருட்டு வண்டியோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். துடைத்ததும் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எண் தெளிவாக விழுந்தால் வாங்குபவரின் ஒரு பெரிய கவலை தீர்ந்தது.

இடையில் எப்போதாவது இன்ஜின் பிளாக் மாற்றியிருந்தால் எண் ஒத்துவராது. அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் பிளாக் வாங்கிய பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் ஏலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் குறைந்தது மூன்றாம் நபர் பாலிசியாவது எடுத்துவிடுங்கள். ஏன் என்பது விற்ற பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லும் பதிலில் வரும்.

அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். நேராக ஏலத்துக்கு விடலாமா?

முடியாது. இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. வேறு யாராவது போட்டால் அது மோசடி. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டால் அபராதம் இருக்கும், அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். மற்ற வாரிசுகள் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுப்பதையும் கேட்பார்கள். அக்காவிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்குவதுதான் இதில் நாள் பிடிக்கும் வேலை, யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

15 வருடம் முடிந்துவிட்டது. இனி ஸ்கிராப்தான் என்கிறார்களே?

வாங்குபவர் விலையைக் குறைக்கக் கிளப்பும் பயம் இது. விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனமாகப் பதிவாகிறது. முதல் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, 5 வருடம் 5 வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 15 வருடமானால் பதிவைப் புதுப்பிக்கவே முடியாது என்ற கட்டாயம் அரசுத் துறைகளின் வண்டிகளுக்குத்தான், அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டெல்லி சுற்றுவட்டாரத்துக் கட்டுப்பாடுகளைப் பற்றிய செய்தியையும் இதையும் சேர்த்துக் குழப்பி ஊரில் பேசுகிறார்கள்.

ஆனால் காலாவதியான ஆர்.சி.யோடு ஏலத்துக்கு விட்டால் அடி பலமாக விழும். புதுப்பிக்கும் கட்டணம், அபராதம், அலைச்சல் எல்லாவற்றையும் வாங்குபவர் இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டுக் கழிப்பார். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் புதுப்பித்துவிட்டு விற்பதே லாபம். ஓடாத வண்டி என்றால் செலவு செய்யாதீர்கள்.

ஏலத்தில் விற்றால் படிவம் 32 தானே?

இல்லை. மத்திய, மாநில அரசு நடத்தும் அல்லது அரசுக்காக நடத்தப்படும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குத்தான் படிவம் 32. தனியார் யார்டில் உங்கள் வண்டி விலைபோனால் அது சாதாரண விற்பனைதான்: விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றத்துக்கான படிவம் 30. வேறு பதிவு அலுவலகத்துக்கோ வெளி மாநிலத்துக்கோ போவதாக இருந்தால் படிவம் 28 என்.ஓ.சி. கேட்பார்கள்.

பெயின்ட் அடித்து விடலாமா?

அடிக்காதீர்கள். பழைய வண்டியில் புதுப் பெயின்டைப் பார்த்ததும் அனுபவஸ்தருக்கு வருவது ஒரே கேள்விதான்: எதை மறைக்க அடித்தார்கள்? விரிசல் விட்டு வெல்டு வைத்த இடத்தையா, ஆயில் கசிந்த தடத்தையா? வெயிலில் மங்கிய பானட்டும் ஆங்காங்கே உரிந்த மட்கார்டும் பத்து வருட வண்டிக்கு இயல்பு. அதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை.

கழுவ வேண்டும். அதையும் பார்த்துச் செய்ய வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷரை நேராக ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், மீட்டர் போர்டு, ஏர் கிளீனர் வாய் ஆகியவற்றில் அடிக்கவிட்டு, மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பவர்கள் உண்டு. அந்த இடங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். அடிப்பக்கம் அப்பியிருக்கும் சேற்றையும் ஆயில் பிசுக்கையும் டீசல் பிரஷ் போட்டு எடுத்துவிட்டு, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். அதற்குள் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஏலத்துக்கு முந்தின நாள் கழுவினால் அந்த வாய்ப்பு போய்விடும், "கசிவை மறைக்கக் கழுவியிருக்கான்" என்ற சந்தேகமும் வரும். ரேடியேட்டர் ஜன்னலில் அடைத்த வைக்கோல் தூசியைத் தட்டி எடுக்க மறக்காதீர்கள்.

எந்த ரிப்பேரைச் செய்துவிட்டு விடுவது, எதை அப்படியே விடுவது?

பிரிக்காமல் முடிகிற வேலை எல்லாம் செய்யுங்கள், வண்டியைப் பிரிக்க வேண்டிய வேலை எதையும் செய்யாதீர்கள். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் பொதுவாக இதுதான் என் கணக்கு.

டாப் கவர் பேக்கிங், டீசல் டியூப், ஹோஸ் கிளிப், ஃபேன் பெல்ட், லைட், ஹாரன், சைலன்சர் கிளாம்ப், கிழிந்த சீட், தொலைந்துபோன பானட் லாக் இவையெல்லாம் சில நூறுகளில் அல்லது ஓரிரு ஆயிரத்தில் முடியும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் இவைதான். ஹாரன் கூட அடிக்காத வண்டியைப் பார்த்தால் "இதையே பார்க்காதவன் கியர் ஆயிலையா பார்த்திருக்கப்போறான்" என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் நியாயமானதும்கூட.

கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்ஜின் போரிங், கியர் பெட்டி வேலை எல்லாம் அதே ரகம். நீங்கள் செலவழித்த தொகை ஏலத்தில் திரும்பி வராது. எடுக்கிறவர் பெரும்பாலும் கன்சல்டிங்காரராகவோ மெக்கானிக்காகவோ இருப்பார், அந்த வேலை அவருக்கு உங்களைவிடப் பாதிச் செலவில் முடியும். குறையைச் சொல்லிவிட்டு விடுங்கள்.

ஆயில் மாற்றுவது? இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்திருந்தால் மாற்றுங்கள். ஏலத்துக்கென்றே மாற்றிய புது ஆயில் தேன் நிறத்தில் டிப் ஸ்டிக்கில் மின்னினால் அது யாரையும் மயக்காது.

சேற்றில் ஓடிய வண்டி, டிரைலர் இழுத்த வண்டி என்று பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்களே, எப்படி?

டிராக்டர் பொய் சொல்லாது. பின்பக்கம் குனிந்து டிரைலர் மாட்டும் ஹூக்கின் ஓட்டையைப் பாருங்கள். விவசாயத்துக்கு மட்டும் ஓடிய வண்டியில் அது வட்டமாக இருக்கும். செங்கல் சூளைக்கும் மணலுக்கும் ஓடிய வண்டியில், ஓட்டையில் செருகும் பின் ஆடி ஆடி முட்டை வடிவில் தேய்ந்திருக்கும், ஓரம் கத்தி போல மின்னும். பின் டயரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தார் ரோட்டில் அதிகம் ஓடிய டயரில் பட்டன் (மேடாக நிற்கும் ரப்பர் கட்டை) நடுப்பக்கம் தேய்ந்து வழுவழு என்றிருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் முன்கூட்டியே பணம் கழித்துவிடுவார்கள்.

டெல்டாவில் கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறு உழுத வண்டி வேறு கதை. ஆக்சில் வரைக்கும் தண்ணீரில் நின்று வேலை செய்வதால் சீல் தேய்ந்து உள்ளே தண்ணீர் இறங்கும். கியர் பெட்டி டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கும். பழைய மாஸி ஃபெர்குசன் வகை வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். தண்ணீர் கலந்தால் இரண்டும் கெடும். இந்த ஒரு ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு விடுங்கள் என்று சொல்வேன், முன்பு சொன்ன விதிக்கு இதுதான் விலக்கு. மாற்றியதையும், சீல் போட்டிருந்தால் அதையும், பில்லோடு சொல்லுங்கள். சீல் போடாமல் ஆயிலை மட்டும் மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தர்மபுரிப் பக்கம் புழுதி உழவுக்கு எடுக்கிறவர் சேற்று வண்டி என்றாலே தள்ளிப்போவார். தஞ்சாவூர்க்காரர் "எங்க வண்டியெல்லாம் அப்படித்தான்" என்று சீலைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்பார். எந்த ஊர் யார்டில் விடுகிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது.

ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. யார்டில் மட்டும் மக்கர் செய்கிறதே?

பல யார்டுகளில் இது நடக்கிறது. வண்டி நாட்கணக்கில் வெயிலில் நிற்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் சாவியைப் போட்டுப் பார்ப்பார்கள். பழைய டீசல் வண்டியில் ஸ்டாப் நாபை இழுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை ஆஃப் செய்யாமல் இறங்கிப் போனால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி பழசாக இருந்தால் இரண்டாம் நாளே செத்துவிடும். முழு சார்ஜில், வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின், 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட்டுப் பாருங்கள், மறுபடி இறங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைப் பூவை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவி, வாசலின் தடவுங்கள்.

டீசலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். டேங்கில் ஒட்டக் காய்ந்த நிலையில் விட்டால், நாலு பேர் ஸ்டார்ட் செய்து பார்த்ததும் தீர்ந்து லைனில் ஏர் பிடித்துவிடும். அப்புறம் ஃபில்டரில் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்ப் அடித்து ஏர் எடுக்க யார்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. உங்கள் வண்டி அன்று "ஓடாத வண்டி" வரிசையில் சேரும். பத்துப் பதினைந்து லிட்டர் டீசல் போனால் போகட்டும்.

இன்னொரு தொல்லை பழைய மாஸி 1035 வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பி.டி.ஓ. லீவரை (ரொட்டவேட்டர் போன்ற கருவிகளுக்கு இன்ஜின் சுழற்சியைக் கொடுக்கும் லீவர்) போட்டால்தான் ஹைட்ராலிக் பம்ப் சுற்றும், லிஃப்ட் தூக்கும். வேறு கம்பெனி வண்டி ஓட்டிப் பழகியவர் லீவரைப் போடாமல் லிஃப்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு "லிஃப்ட் வேலை செய்யல" என்று எழுதிவிடுவார். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்: "பி.டி.ஓ. லீவர் போட்டுத் தூக்கவும். ஸ்டாப் நாப் இழுத்தபின் சாவியை ஆஃப் செய்யவும்."

வாங்க வந்தவர் சைலன்சர் மேனிஃபோல்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். ஆகவே சூடேற்றாத பச்சை இன்ஜினாகவே விடுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளிருந்து எவ்வளவு ஆவி அடிக்கிறது என்று பார்ப்பார். கொஞ்சம் ஆவி வருவது பழைய இன்ஜினுக்கு இயல்பு. குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, அதை மறைக்கவும் முடியாது.

ஹவர் மீட்டர் ஓடவில்லை. மாற்றிவிடலாமா?

புது மீட்டர் போட்டால் பூஜ்ஜியம் காட்டும், அது பொய். கேபிள் அறுந்திருந்தால் கேபிளை மட்டும் மாற்றி, "இத்தனை மணியில் நின்றுபோனது, இந்த வருடம் மறுபடி ஓடுகிறது" என்று எழுதுங்கள். கேபிளால் சுற்றும் பழைய மீட்டர் இன்ஜின் சுற்றுக்கு ஏற்பத்தான் மணியைக் கூட்டும். ஐடிலில் ஒரு மணி நேரம் ஓடினால் முழு மணியும் ஏறாது. விஷயம் தெரிந்தவர் மீட்டரை நம்புவதைவிடக் கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதையும், கியர் லீவர் ஆட்டத்தையும், ஏறும் படியின் வழவழப்பையும்தான் நம்புவார்.

டயர் புதுசு போட்டு விடலாமா?

வேண்டாம். பின் டயர் ஜோடியின் விலையில் பாதிகூட ஏலத்தில் கூடாது. பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தாலும் காற்று நிற்கிறதா என்று பாருங்கள், நாலு சக்கரத்திலும் சரியான அளவு காற்று அடியுங்கள். டயரில் நாலு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும், வாங்குபவர் அதைப் படிப்பார். டயருக்குள் எடைக்காகத் தண்ணீர் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

கலப்பை, ரொட்டவேட்டர், டிரைலர் எல்லாவற்றையும் சேர்த்தே விடலாமா?

தனித்தனியாக. டிரைலருக்குத் தனி ஆர்.சி. இருந்தால் அது தனி வண்டி, தனியாகத்தான் விற்க வேண்டும். ஆர்.சி. இல்லாத டிரைலரை ஏலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ரொட்டவேட்டருக்கு ஊரிலேயே ஆள் இருக்கும். ஒன்பது கொழுக் கலப்பை பழசானால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கொடுப்பது யார்டு வாடகையைவிட மேல். ஆனால் டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கம்பி), அதன் பின்கள், ஹூக், லிஃப்ட் ராடுகள் வண்டியோடு இருக்கட்டும். டாப் லிங்கை எடுத்து வைத்துக்கொண்டால் "அதையும் பிடுங்கிட்டு அனுப்பியிருக்கான்" என்று அதன் விலைக்கு மேல் கழித்துவிடுவார்கள்.

ஆன்லைன் ஏலத்துக்கு எப்படிப் படம் எடுப்பது?

காலை வெயிலில், சமதரையில், மரநிழல் படாமல். மாலை போட்டுப் பொட்டு வைத்த படம் வேண்டாம். நாலு பக்கமும், இன்ஜின் இரு பக்கமும், சாவி போட்டு ஹவர் மீட்டரும், சேசிஸ் எண்ணும், பின் டயர் பட்டனும், ஹூக் ஓட்டையும் கிட்டத்தில் எடுங்கள். குறை இருக்கும் இடத்தையும் எடுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, புகை நிறம் தெரியும்படி, நடுவில் வெட்டாத ஒரு வீடியோ. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு அது இறங்குகிறதா என்று காட்டுவது இன்னும் நல்லது. மெதுவாக இறங்குவது பழைய வண்டியில் சகஜம், தொப்பென்று விழுந்தால்தான் விலை விழும்.

எந்த மாதம் விடுவது?

உழவு தொடங்குவதற்கு முந்தின மாதம். டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இருக்கும் வருடம் மே மாதமே பழைய வண்டி தேடுவார்கள். அணை வறண்ட வருடம் டெல்டாக்காரர்கள் வரமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசி. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்காத வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்த மாதங்களில் ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் வியாபாரிகள்தான். அவர்களுக்குச் சகுனம் கிடையாது, விலைதான் கணக்கு.

ரிசர்வ் விலை எவ்வளவு வைப்பது?

ரிசர்வ் என்பது இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று நீங்கள் முன்பே வைக்கும் விலை. உங்கள் வண்டி மாதிரியே உள்ள வண்டிகள் விலைபோன தொகையை யார்டிலேயே கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை எதிர்பார்ப்புதான், விற்ற விலை இல்லை. கன்சல்டிங்காரர் கேட்ட விலை ஒரு கணக்கு. பழைய இரும்பு விலை கடைசிக் கணக்கு: இந்த வகை வண்டி ஏறத்தாழ 1,700 முதல் 2,000 கிலோ வரும், அன்றைய இரும்பு ரேட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கும்போது பழையதும் கூடவே இறங்கும். அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு ரிசர்வ் வைத்தால் வண்டி ஏலத்துக்கு ஏலம் நின்றுகொண்டே இருக்கும், பார்க்கிங் கட்டணமும் ஏறும். இரண்டு ஏலத்தில் போகாத வண்டியைப் பார்த்தால் "ஏதோ வில்லங்கம்" என்று பேச்சு வரும். கன்சல்டிங் விலைக்குச் சற்று மேலே ரிசர்வ் வையுங்கள், மீதியைப் போட்டி பார்த்துக்கொள்ளும். யார்டு யாரிடம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது, ஏலத்தில் கேட்ட விலை ரிசர்வைத் தொடாவிட்டால் உங்கள் சம்மதம் கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்ம ஆள் ஒருத்தரை விட்டு விலையை ஏற்றிவிடலாமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, விற்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்காமல் அவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்கக்கூடாது. பொய்யாக ஏலம் கேட்டு விலையேற்றியது தெரிந்தால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம். விலை குறைந்துவிடுமோ என்ற பயத்துக்கு ரிசர்வ் விலை இருக்கிறது, அதை அதே பிரிவு அனுமதிக்கிறது. போதாததற்கு உங்கள் மைத்துனர் கேட்ட விலையிலேயே ஏலம் நின்றுபோனால் கட்டணம் கட்டி உங்கள் வண்டியை நீங்களே எடுத்து வர வேண்டும்.

"உள்ளது உள்ளபடி" என்றுதானே விற்கிறோம், குறையை ஏன் சொல்ல வேண்டும்?

வாங்குபவர் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய குறைக்கு அந்த வார்த்தை உங்களைக் காப்பாற்றும். விரிசலில் பூச்சு பூசி மறைப்பது, மீட்டரைத் திருப்புவது இவையெல்லாம் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் மோசடி. அங்கே எந்த வார்த்தையும் உதவாது. நடைமுறைக்கும் சொல்கிறேன்: "இரண்டாம் கியர் சில நேரம் நழுவும்" என்று எழுதிய வண்டிக்கு அந்தக் கியருக்கான தொகையை மட்டும் கழிப்பார்கள். எதுவும் எழுதாத வண்டிக்குக் கியர் பெட்டி முழுவதற்கும் கழிப்பார்கள்.

யார்டுக்கு ஓட்டிக்கொண்டே போகலாமா?

ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் இருந்தால், அருகில் என்றால் ஓட்டலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் லாரியில் ஏற்றுங்கள். இறக்கியதும் வண்டியில் என்னென்ன இருக்கிறது, பேட்டரி எண் என்ன, டீசல் எவ்வளவு என்று எழுதி யார்டின் கையெழுத்து வாங்குங்கள்.

விலை படிந்துவிட்டது. இனி என்ன?

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். பலர் வெற்றுப் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. ஆர்.சி.யில் உங்கள் பெயரே நிற்கும். இப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்று ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனதெல்லாம் கணக்கில் வரவில்லை.

ஆகவே படிவத்தில் வாங்குபவர் பெயரையும் முகவரியையும் தேதியையும் நிரப்பிய பிறகே கையெழுத்து. பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே சாவி. அவருடைய ஆதார் நகல், வண்டியை ஒப்படைத்த தேதி, மணி எல்லாம் எழுதிய டெலிவரி சீட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். மணி எதற்கு என்று கேட்காதீர்கள், அன்று சாயங்காலம் வழியில் எதுவும் நடக்கலாம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்ற விவரத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை, 30 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிப்பது அவருடைய கடமை. மாற்றிவிட்டாரா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதுவரை இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் தூக்கம் வரும், முன்பே பாலிசி எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

யாருமே கேட்கவில்லை என்றால்?

யார்டில் வண்டி பார்த்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அங்கே வேலை செய்யும் பையன்களிடம் கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்வார்கள். "பேப்பர் சரியில்ல" என்று சொன்னால் அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த ஏலத்துக்கு வையுங்கள். "விலை அதிகம்" என்று சொன்னால் ரிசர்வைக் குறையுங்கள், அல்லது அன்றைக்கே கன்சல்டிங்காரருக்குப் போன் செய்யுங்கள்.